மாத்திரை யாருக்கு?

நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊர்க்காரத் தம்பி ஒருவன் போன் செய்தான். 23 வயது, சென்னையில் வேலை. "அண்ணே, வீட்ல மட்டும் சொல்லிராதீங்க" என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடம் சுற்றி வளைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். சனிக்கிழமை நள்ளிரவு, ஆப்பில் பழக்கமான ஒருவருடன் இருந்தபோது ஆணுறை கிழிந்துவிட்டது. அவர் ஆணா பெண்ணா என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மூணு மாசம் கழிச்சு எச்ஐவி டெஸ்ட் எடுக்கணும்னு நெட்ல போட்டிருக்கு. அதுவரைக்கும் காத்திருக்கவாண்ணே?"

காத்திருக்கக் கூடாதுடா. விரல் விட்டு எண்ணினேன்: 35 மணி நேரம் போயிருந்தது. எச்ஐவி தொற்றிவிடாமல் தடுக்க பெப் என்கிற மருந்து இருக்கிறது. எச்ஐவி தொற்றுக்கு வாய்ப்புள்ள சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் போட வேண்டும். 72 மணி இருக்கிறதே என்று நிதானமாகக் கிளம்பும் விஷயமும் இல்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டாவது, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா தம்பி?" சீட்டு எழுதவில்லை. இன்னொரு டாக்டரைப் பிடித்து, சீட்டு வாங்கி, கடைக்குப் போனால் கவுண்டரில் இருந்தவர் சத்தமாகவே "யாருக்கு?" என்றாராம். பின்னால் நாலு பேர் வரிசையில். பையன் "ஃபிரெண்டுக்கு" என்று சொல்லிவிட்டான். முதல் மாத்திரை உள்ளே போனபோது இரவு எட்டு மணி. முப்பத்தைந்து நாற்பத்து நாலாகியிருந்தது. அந்த ஒன்பது மணி நேரத்தைத் தின்றது மருந்துத் தட்டுப்பாடு இல்லை.

என் வயசுக்காரர்களுக்குப் புள்ளிராஜாவைத் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விழிப்புணர்வு விளம்பரம். எங்கள் வகுப்பில் ராஜா என்று பெயர் வைத்திருந்தவன் பட்ட பாடு தனிக்கதை. எய்ட்ஸ் என்ற சொல்லை டீக்கடைவரை கொண்டுபோன வகையில் அது பெரிய காரியம்தான். ஆனால் நாம் அதிலிருந்து பிடித்துக்கொண்டது யார் புள்ளிராஜா என்று ஆளைத் தேடும் பழக்கத்தை. அந்த டாக்டரும் கடைக்காரரும் செய்தது அதுதான்.

இத்தனைக்கும் இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்து, வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

சரி, எச்ஐவியைத் தடுக்க பிரெப் என்று இன்னொரு மாத்திரையும் இருக்கிறது, அதற்கு வருகிறேன். பெப் சம்பவத்துக்குப் பிறகு, பிரெப் சம்பவத்துக்கு முன்பு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். பிரெப் என்பது டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரு மாத்திரை, தினம் ஒன்று. ஒழுங்காகப் போட்டால் உடலுறவு வழியாக எச்ஐவி தொற்றும் வாய்ப்பை 99 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2012-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. 2015-இல் உலக சுகாதார நிறுவனமும், தொற்று அபாயம் அதிகமுள்ள யாருக்கும் கொடுக்கலாம் என்றது. இன்று ஒன்று போட்டு நாளைக்குத் தெம்பாகக் கிளம்ப முடியாது. ஆசனவாய் வழி உறவென்றால் சுமார் 7 நாள், பெண்ணுக்கு யோனி வழி உறவில் சுமார் 21 நாள் தொடர்ந்து போட்ட பிறகே அதிகபட்சப் பாதுகாப்பு. தொடங்கும் முன் எச்ஐவி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும் ஹெபடைடிஸ் பி-யையும் பார்க்க வேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். நண்பனின் டப்பாவிலிருந்து நாலு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது.

கொடுமை என்னவென்றால், உலகத்துக்கு மலிவாக எச்ஐவி மருந்து செய்து கொடுப்பதே நாம்தான். 2001-இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி சிப்லா ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கூட்டு மருந்து தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஆப்பிரிக்காவில் நிலைமை மாறத் தொடங்கியது. எச்ஐவி வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்று லெனகாபவிர் என்ற மருந்து 2025-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே, அதையும் மலிவு விலையில் செய்ய உரிமம் வாங்கியவர்களில் ஹைதராபாத் கம்பெனிகள் இருக்கின்றன. நம் தெருமுனைக் கடையில் மட்டும் "யாருக்கு?"

"மாத்திரை கொடுத்தால் பசங்க கெட்டுப் போவாங்க" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: அந்தப் பையன் மாத்திரை இருக்கிறதென்று தெரிந்துகொண்டு போகவில்லை. தெரியாமல்தான் போனான், கையில் ஆணுறையோடு. அந்த ஆணுறையும் மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்து நைந்தது. எண்ணெய் வேறு தடவியிருக்கிறான். லேட்டக்ஸுக்கு எண்ணெய் ஆகாது, தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது? நம்மில் யாராவது சொன்னோமா?

பிரெப் போட்டாலும் ஆணுறையை விடாதீர்கள். சிஃபிலிஸ், கொனோரியா, கர்ப்பம் எதையும் அந்த மாத்திரை தடுக்காது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம். எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கும் போன் போடலாம். உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

தம்பிக்கு எல்லா டெஸ்டும் நெகட்டிவ். 28 நாள் முடிந்த கையோடு டாக்டரிடம் கேட்டு பிரெப் தொடங்கிவிட்டான். அறையில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். போன வாரம் அம்மா ஊரிலிருந்து வந்து, அந்த டப்பாவைக் கையில் எடுத்து, "எனக்கும் தினம் ஒண்ணு குடுடா, கை காலெல்லாம் ஒரே அசதியா இருக்கு" என்றாராம். பிடுங்கி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடி, அம்மாவுக்கு நிஜமான பி காம்ப்ளெக்ஸ் வாங்கி வந்திருக்கிறான். அதற்கு மட்டும் யாரும் யாருக்கென்று கேட்கவில்லையாம்.