எம் மோடால் கியர்பாக்ஸ் கெடாது
அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக் காரை எம் மோடில் (கியரை நாமே மாற்றும் மேனுவல் நிலை) போட்டு மலை இறங்கினால் கியர்பாக்ஸ் போய்விடும், டி-யிலேயே (கியர் தானாக மாறும் டிரைவ் நிலை) வைத்துப் பிரேக்கை மிதித்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தலைகீழ். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிற மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்புக் குறையும். தீய்ந்த வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுங்கள். எம் மோடில் இரண்டாவது கியருக்கு இறக்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் பிரேக்கை அவ்வப்போது மிதித்தால் போதும். சத்தம் கூடத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். வேகமாகப் போகும்போது தெரியாமல் முதல் கியருக்குத் தட்டினாலும் இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் அதை ஏற்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.