நியூயார்க்கும் குமுளியும்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் நியூயார்க் மாநில உறுப்பினராக இருந்த ஆண்டனி வீனர் 2011-இல் ட்விட்டரில் அனுப்பிய ஆபாசப் படத்தை வைத்து, அவருடைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லோருமே வெட்கமில்லாதவர்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். அதே மாநிலம், அதே ஆண்டு, எதிரணியான குடியரசுக் கட்சியின் உறுப்பினர் கிறிஸ் லீ சட்டையில்லாத படத்தை ஒரு பெண்ணுக்கு அனுப்பி மாட்டிக்கொண்டாரே, அவர் எங்கே? லீ அன்றைக்கே பதவி விலகினார். வீனரோ கணக்கில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பத்து நாள் சாதித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். இருவரும் விலகியதால் வந்த இடைத்தேர்தல்களில் லீயின் தொகுதி ஜனநாயகக் கட்சிக்கும் வீனரின் தொகுதி குடியரசுக் கட்சிக்கும் போயின. வேறு காரணங்களும் உண்டு, இருந்தாலும் வாக்காளர்கள் கட்சி பார்த்து மன்னிக்கவில்லை.

மன்னிப்பதெல்லாம் தொண்டர்கள்தான். எங்கள் கம்பம் பக்கத்துக்கு வந்து பாருங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூடலூரில் ஒரே கூட்டணி, குமுளி சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பரம எதிரிகள். கேரளத்துக் காங்கிரஸ் தலைவர் எவருடைய வாட்ஸ்அப் உரையாடலாவது கசிந்தால், காலையில் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறும் நம் மார்க்சிஸ்ட் தோழர் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை வாயே திறப்பதில்லை, கூட்டணி தர்மம். குமுளியில் மச்சானோடு டீக்கடையில் உட்கார்ந்ததும் 'எப்போது ராஜினாமா?' என்று மேசையைத் தட்டுகிறார். சிக்கியவர் சொந்தக் கட்சிக்காரர் என்றால் அது வெட்டி ஒட்டிய படம், எதிரியின் சூழ்ச்சி!

இன்னொன்று. 15 வயதுச் சிறுமிக்கு ஆபாசச் செய்தி அனுப்பிய வழக்கில் 2017-இல் வீனருக்கு 21 மாதச் சிறை விதித்தார்கள். கட்சிகளைத் திட்ட இத்தனை பத்தி ஒதுக்கிய கட்டுரையில் அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.