கீரை ஆயவும் நேரம் வேண்டுமே

ஏழைகள் வாழும் பகுதிகளில் பெரியவர்கள் காய்கறி குறைவாகச் சாப்பிட விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளை வைத்துப் பார்த்தால் இது சரியாக வரவில்லை.

அங்கே கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய அரை மணி நேரம் போனால் அந்த அரை மணிக்கான கூலியும் போச்சு. உழவர் சந்தையில் விலை குறைவுதான், ஆனால் வியாபாரம் காலையோடு முடிந்துவிடும். கூலி கைக்கு வரும் மாலையில் தெருமுனையில் இருப்பது வாடிய கத்திரிக்காயும் சூடான பஜ்ஜியும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், வேலூர் வெயிலில், கீரை மறுநாள் வரை தாங்காது.

பருப்பையும் பாருங்கள். ரேஷனில் கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு. நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாளுக்கு 8 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்னது 85 கிராம். கூடவே காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். அரிசியோ இலவசம். தட்டில் சோறு குவிவதில் என்ன அதிசயம்?

முருங்கைக்கொத்தை இரவு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே பெரும்பாலான இலை உதிர்ந்துவிடும், ஆயும் வேலை பாதியாகும். ஆனாலும் முதலில் வேண்டியது கூலி வரும் நேரத்தில், நடந்துபோகும் தூரத்தில் ஒரு காய்கறி வண்டி. வாரம் மூன்று மாலை வந்தாலும் போதும்.