உறுமியை முன்னால் நிறுத்துங்கள்

கிட்டாரும் டிரம்ஸும் இடிக்கிற ஹெவி மெட்டல் இசையை நான் கேட்டால் வீட்டில் அதற்குப் பெயர் ‘கத்தல்’. கறுப்பசாமி கோயிலில் உறுமி அதிர, சாமியாடி தொண்டையைக் கிழித்துக்கொண்டு குறி சொல்லும்போது அதே ஆட்கள்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது அருளாம்.

உறுமியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் முனகும், பிறகு உறுமும். மறுமுகத்தில் நேர்க்குச்சி அடி. மெட்டல் பாடகர் அடித்தொண்டையில் எழுப்புகிற குரலும் இதுவும் பங்காளிகள் என்று எனக்குத் தோன்றி வெகுநாளாகிறது.

தொன்மங்களையும் நாட்டார் இசையையும் எடுத்துக்கொள்ளும் மெட்டல் வகைக்கு ‘பேகன் மெட்டல்’, ‘ஃபோக் மெட்டல்’ என்றெல்லாம் பெயர். பேகன் என்பதன் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். சுவிட்சர்லாந்தின் எலுவெய்ட்டி குழு வழக்கொழிந்த பழைய ஐரோப்பிய மொழியான கவுலிலும் பாடுகிறது. நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த மொழியில் பேரனைத் திட்ட இன்று ஒரு கிழவிகூட இல்லை. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி வேறு ரகம். 1864இல் தங்கள் முன்னோர் பிரிட்டிஷ் படையுடன் மோதிய கேட் பா சண்டையை தங்கள் பூர்வகுடி மொழியான மாவோரியிலேயே பாடினார்கள். மங்கோலியாவின் ‘தி ஹு’ குழு, குதிரைத்தலை செதுக்கிய இருதந்தி ‘மொரின் கூர்’ வாத்தியத்தை மேடையின் முன்னால் நிறுத்துகிறது. கிட்டார் அதற்குப் பின்பாட்டுதான்.

இந்த வகையில் அழுகலும் உண்டு. நார்வேயில் 1992 முதல் மெட்டலின் இருண்ட கிளையான பிளாக் மெட்டல் வட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். துணைக்குப் பழைய தெய்வங்களின் பெயரையும் இழுத்தார்கள். அந்தச் சரக்கு இந்தக் கரையில் இறங்க வேண்டாம். அந்தோனியாருக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் கறுப்பனுக்கும் சேர்த்தே நேர்ந்துகொள்கிற ஊர் இது.

நம் பையன்கள் மெட்டல் வாசிக்க வரும்போது ஐரோப்பியக் குழுக்களின் ஓநாயும் கொம்பு வைத்த தொப்பியும் எதற்கு? கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்னும் மீனவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொள்வார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் கயிறு கனக்கும், பாட்டும் இறுகும். அந்தக் கனம் கிட்டாரில் வந்தால் போதும். ஆனால் உறுமியைக் கைப்பேசியில் பதிந்துகொண்டுபோய்ப் பாட்டின் மூலையில் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசிக்கிறவர் மேடையில் இருக்க வேண்டும், பெயரோடும் கூலியோடும்.

போன முளைக்கொட்டுத் திருவிழாவில் வாடகை ஒலிபெருக்கி அலறியதில் உறுமிச் சத்தம் அமுங்கிப்போனது. வாசிக்க வந்த பெரியவர் கோயில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் காதில் ‘தி ஹு’வைப் போட்டேன். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு கேட்டார்: “இவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கொடுப்பார்கள், தம்பி?”