பெரியவர்களிடம் கத்திப் பேசாதீர்கள்

காது மந்தமானவர்களிடம் கத்திப் பேசுவதால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. என் மாமியார் அடிக்கடி சொல்வது: "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல." வயதானவர்கள் நிறைய பேர் இதையே சொல்வார்கள். நாமோ அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வோம்.

வயதாக ஆக முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் காதில் விழும். ச, த, க போன்றவை நழுவிவிடும். கத்தும்போது பெரிதாவது பெரும்பாலும் உயிரோசைதான். அதாவது, ஏற்கனவே கேட்டுக்கொண்டிருப்பதையே கூட்டுகிறோம்.

காது பாதி வேலைதான் செய்கிறது. மீதியை மனசு ஊகித்து முடிக்கிறது, அதுவும் சொல் முடியும்வரை காத்திருக்காமல். அடுக்களையில் ஒருவர் "மிள..." என்று ஆரம்பித்தாலே நம் கண் மிளகு டப்பாவையும் மிளகாய் டப்பாவையும் தேடிவிடும். 1995இல் டேனன்ஹாஸ் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் இதைக் கண்ணசைவை வைத்தே காட்டினார்கள். 'கேண்டி'யை எடுக்கச் சொன்னபோது, பக்கத்தில் 'கேண்டில்' இருந்தால் பார்வை போய்ச் சேரத் தாமதமானது. ஒலி வந்துகொண்டிருக்கும்போதே பல சொற்கள் எழுந்து நிற்கின்றன, பொருந்தாதவை ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிடுகின்றன.

எனக்கு இன்னும் ஆச்சரியம் தருவது 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் செய்த சோதனை. பதிவு செய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரே ஒரு 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒலியை மனசே போட்டுக் கேட்டிருக்கிறது!

ஆனால் ஊகிக்கப் பிடிமானம் வேண்டுமே. அதைத்தான் நாம் கொடுப்பதில்லை. டிவி அலறிக்கொண்டிருக்க, அடுத்த அறையிலிருந்து "போட்டீங்களா?" என்று கத்தினால் அவர் எதை நினைப்பார்? மாத்திரையா, தாழ்ப்பாளா? எதிரே போய் நின்று, "அத்தை, மாத்திரை விஷயம். ராத்திரி போட்டீங்களா?" என்று சாதாரணக் குரலில் கேட்டுப் பாருங்கள். விஷயம் முன்னால் வந்துவிட்டால் தேட வேண்டிய சொற்கள் குறைந்துவிடும். முகம் தெரிவதும் முக்கியம், கேட்பதில் கண்ணுக்கும் பங்கு உண்டு. காதில் 'பா' ஒலிக்க, திரையில் உதடு 'கா' என்று அசைந்தால் பலருக்கு 'டா' என்று கேட்கிறது; 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. அப்புறம், புரியவில்லை என்றால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். காதுக்கருவி வேண்டுமா என்பதை மருத்துவர் பார்க்கட்டும். கருவி வைத்தவர்களிடமும் இப்படித்தான் பேச வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'ஆமாம், இல்லை' தீர்மானமாவது வாக்கியத்தின் வாலில். நாமோ பேசி முடிக்கும்போது குரலை இறக்கி அந்த வாலை விழுங்கிவிடுகிறோம். "இந்த மாத்திரை இனிமே போட வேணாம்" என்பதில் கடைசிச் சொல் தேய்ந்தால் மிஞ்சுவது "மாத்திரை போட". மருந்துச் சீட்டை விளக்குகிறவர்கள் "இதை நிறுத்தியாச்சு" என்று முதலில் சொல்லிவிட்டு, எந்த மாத்திரை என்று அட்டையைக் கையில் எடுத்துக் காட்டலாம்.