டிக்கெட் விற்காத விமான நிறுவனங்கள் எதற்காக மோதிக்கொள்கின்றன?

அமெரிக்காவில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்ற பெரிய விமான நிறுவனங்களின் வண்ணமடித்த சின்ன ஜெட்டில் ஏறும்போது கதவோரம் கவனியுங்கள். இயக்குவது ஸ்கைவெஸ்ட் என்றோ ரிபப்ளிக் என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். கட்டணம், கால அட்டவணை, எந்த ஊருக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் பெரிய நிறுவனத்தின் முடிவு. சின்ன நிறுவனம் விமானி, பணிக்குழு, மெக்கானிக் எல்லாரையும் போட்டு ஓட்டிக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்குத்தான் இத்தனை அடிதடி.

பணம் பெரும்பாலும் மூன்று வழியில் வரும்: மாதத்துக்கு ஒரு விமானத்துக்கு இவ்வளவு, ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு, ஒரு பிளாக் மணி நேரத்துக்கு இவ்வளவு. கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும்வரை பிளாக் நேரம். எரிபொருள் செலவு பெரியவர் தலையில். இருக்கைகள் காலியாகப் போனாலும் சின்னவருக்குக் காசு உண்டு. பறக்காவிட்டால் புறப்பாட்டுக் காசும் மணிக் காசும் கிடையாது. புயலால் ரத்தானால் பொறுத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாமலோ பழுதாலோ ரத்தானால் ஊக்கத்தொகை போகும், அபராதம் வரும். அதுவே தொடர்ந்தால் விமானங்களையே வேறொருவருக்கு மாற்றிவிடலாம்.

எரிபொருள் தன் செலவில்லை, பல சமயம் விமானமும் தன்னுடையதில்லை. அப்படியானால் விலையில் எங்கே குறைப்பது? சம்பளத்திலும் பராமரிப்பிலும்தான். ஆகவே இது யாருடைய விமானிகள் புதியவர்கள் என்ற போட்டி என்பேன். சம்பளப் படி நிறுவனத்தில் கழித்த வருடங்களைப் பொறுத்தது. வளரும் நிறுவனத்தில் பாதிப் பேர் கீழ்ப்படியில் இருப்பார்கள். குறைந்த விலை சொல்லி ஜெயிப்பார்கள், இன்னும் ஆள் எடுப்பார்கள், சராசரி இன்னும் இறங்கும். வளர்ச்சி நின்றதோ, வருடாவருடம் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். விமானங்களுக்கும் வாரண்டி முடிந்து, பிரித்துப் பார்க்கும் பெரிய பரிசோதனை வந்து நிற்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அனுபவமே அவர்கள் விலையை ஏற்றிவிடும். 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல சம்பளம் வாங்கிய காம்ஏர், டெல்டாவின் சொந்த நிறுவனமாக இருந்தும் 2012இல் மூடப்பட்டது.

பெரிய விமானம் வாங்கித் தப்பிக்கவும் வழியில்லை. பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்ற பிரிவு, சின்ன நிறுவனத்துக்குக் கொடுக்கும் விமானங்களுக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை, இத்தனை விமானம் என்று கோடு போட்டிருக்கிறது. எம்பிரேயர் 175-இ2 என்ற ஜெட் அந்த எடையைத் தாண்டுவதால் அங்கே எடுபடவில்லை. ஸ்கோப்பைச் சிலர் திட்டுவார்கள்; நான் ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் 150 இருக்கை விமானமும் மலிவு ஏலத்துக்குத்தான் போயிருக்கும். சொந்தப் பெயரில் பறந்து பார்த்தவர்களும் உண்டு: யுனைடெட்டை விட்டுப் பிரிந்து 2004இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ஏர் 2006 ஜனவரியில் நின்றுபோனது.

2013இல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் கட்டாயமானதும் மலிவு விலை சொன்னவர்களுக்கே அடி விழுந்தது. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் திவால் மனு போட்டபோது கையில் ஒப்பந்தமும் விமானமும் இருந்தன. ஓட்டப் போதிய ஆள் இல்லை. 2022இல் அமெரிக்கன் தன் துணை நிறுவனங்களில் சம்பளத்தை ஒரேயடியாக ஏற்றியது. மற்றவர்களும் ஏற்றியே ஆக வேண்டியதாயிற்று. பழைய விலையில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்தக் கூடுதல் செலவுக்கு இடம் ஏது?

என் ஆத்திரமெல்லாம் ஒன்றுதான். ஒப்பந்தம் கைமாறும்போது விமானம் போகும், தடம் போகும், பணிமூப்பு போகாது. 2020இல் யுனைடெட் தன் 50 இருக்கை இஆர்ஜே-145 ஜெட் வேலை முழுவதையும் கம்யூட்ஏர் என்ற சின்ன நிறுவனத்துக்கே கொடுக்க, அதே வேலையைச் செய்துவந்த எக்ஸ்பிரஸ்ஜெட் அந்த செப்டம்பரோடு பறப்பதை நிறுத்தியது. இப்படி வேலை இழக்கும் 15 வருடக் கேப்டன் வேறிடத்தில் பட்டியலின் அடியில்தான் சேர வேண்டும். ஆள் பஞ்சத்துக்குப் பிறகு சில நிறுவனங்கள் பழைய வருடங்களைச் சம்பளப் படியில் சேர்த்துக்கொள்கின்றன. ஷிஃப்ட், விடுமுறை, எந்த ஊரில் பணித்தளம் என்பதெல்லாம் இன்னமும் சேர்ந்த தேதிப்படிதான். வேலையை மாற்றிக் கொடுக்கும் பெரிய நிறுவனம், அதைப் புதிதாக எடுப்பவர் பழைய பணிமூப்புப் பட்டியலையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.