கப்பல் கீறிய பானை ஓடு

வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அழகன்குளம். அங்கே அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் யாரோ ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வரலாறு தொடங்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் பல வகுப்பறைகளில் இன்னும் அச்சடித்த கோட்டுப் படத்துக்குக் கலர் அடிப்பதுதான் நடக்கிறது.

பிள்ளை கையில் ஓடும் ஆணியும் கொடுங்கள். மெருகு பூசாத மண்பானை ஓடாக இருக்கட்டும். 40 பேருக்கு 60 ஓடு, உள்ளங்கை அளவில். சில கட்டாயம் உடையும். ஓரங்களை ஈரச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்குவது ஆசிரியர் வேலை, முந்தின நாளே முடித்துவிட வேண்டும். ஓட்டைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போட்டால் தூசி பறக்காது, ஆணியும் சுலபமாக இறங்கும். மேல் ஈரம் காய்ந்ததும் கரியால் வரைந்து, 2 அங்குல ஆணியால் கீறச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீறத்தான் எல்லாப் பிள்ளையும் பார்க்கும். ஓட்டின் வளைவில் ஆணி வழுக்கிக் கையைக் கிழிப்பது அப்போதுதான். அதே கோட்டில் மெல்லப் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டும். ஓட்டைக் கையில் பிடிக்கவே கூடாது, மடித்த ஈரச் சாக்கின் மேல் வைக்க வேண்டும்.

கீறி முடித்த பிறகு, பாய் விரித்து வள்ளம் ஓட்டிய பெரியவர் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அவர் அழகு பார்க்க மாட்டார். "ஏம்ப்பா, கொடி இங்கிட்டுப் பறக்குது, பாய் அங்கிட்டுப் பொடைச்சிருக்கே, காத்து எங்கிட்டு இருந்து வருது?" என்பார். அந்த ஒரு கேள்வியில் வாடை (வடகாற்று), கச்சான் (மேல்காற்று), சோழகம் (தென்காற்று) எல்லாம் வகுப்புக்குள் வந்துவிடும். அணியம் (முன்பகுதி), பருமல் (பாய் கட்டும் குறுக்கு மரம்), தாமான் (பாய்க் கயிறு), சுக்கான் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டுவார். ஓவிய ஆசிரியர் திருத்துவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கோடு கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காற்றுத் திசை தப்பினால் மட்டும் திருத்துங்கள். பரிசு, போட்டி எதுவும் தயவுசெய்து வேண்டாம். அது வந்துவிட்டால் எல்லோரும் ஒருத்தன் படத்தைப் பார்த்தே கீறுவார்கள்.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது: அழகன்குளத்து ஓடு நமக்கு என்ன சொல்கிறது? இப்படி ஒரு கப்பலைப் பார்த்தவர் கை கீறியது என்று சொல்லலாம். யாருடைய கப்பல், எங்கே போனது என்பதை அந்தக் கீறல் மட்டும் சொல்லாது. அதே ஊரில் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் கிடைத்ததோடு சேர்த்துப் பார்த்தால்தான் கடல் வணிகம் தெரியவரும். இந்த வேறுபாடு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு இதற்குப் பிறகு கூட்டிப்போங்கள், முன்னால் வேண்டாம். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே ஏராளம். ஒரு சுவர் போதும், அரை மணி நேரம். சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியின் முன் நிறுத்தி, யாரைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள். ஆணி பிடித்த கைக்குக் கோடு பார்க்கத் தெரிந்திருக்கும். சுவரைத் தொடாமல் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டின் பின்னாலும் பிள்ளையின் பெயர், தேதி, படகின் வகை, விவரம் சொன்ன பெரியவர் பெயர் நான்கையும் அழியாத கறுப்பு மையில் எழுத வையுங்கள். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்ற குறிப்பு இல்லாத ஓட்டை அகழாய்விலும் பெரிதாக மதிக்க மாட்டார்கள்.